ரோசாப்பூ துரை

நுழையும்முன்

தண்டனை எதற்காக வழங்கப்படுகிறது? குற்றத்திற்கு ஈடான பயனைக் குற்றவாளி அடைவதற்காகவா? பிறர் அஞ்சி விலகுவதற்காகவா? தவறியவர் திருந்தி வாழ்வதற்காகவா? மன்னர் அவைகளில் எழுந்த இவ்வினாக்கள் இன்றைய நீதிமன்றங்களிலும் எழுகின்றன. குற்றமே செய்யாத ஒருவரைப் பிறப்பின் காரணமாகவே குற்றவாளிப் பட்டியலில் சேர்த்த சட்டம் ஒன்று, நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நிலத்தில் நடைமுறையில் இருந்தது. அதனை எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நிலமும் சட்டமும்

மதுரைக்குத் தெற்கே காரியாபட்டி, அருப்புக்கோட்டை, கமுதி எனத் தொடர்வது மானாவாரி நிலம். மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, சேடபட்டி எனத் தொடர்வதும் மழையை நம்பிய மண்ணே. இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ள காரியாபட்டிப் பகுதி, ஆங்கிலேயர் காலத்தில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. இவ்வட்டாரங்களில் ஊர்க்காவல் என்பது பழமையான முறை. காவல் காப்பவர்க்கு ஊரார் ஆண்டுதோறும் கூலி தந்தனர். களவுபோன மாட்டை மீட்டுத் தருவதற்குத் துப்புக்கூலி பெறும் வழக்கமும் இருந்தது. இம்முறையில் பூசல்களும் களவுகளும் நிகழ்ந்தன என்பது உண்மை. மாட்டைப் பறிகொடுத்த உழவரின் இழப்பும் சிறியதன்று.

களவு செய்தவரைத் தண்டிப்பதற்கு 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே போதுமானதாக இருந்தது. எனினும் ஆங்கில அரசு வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. 1871இல் வட இந்தியப் பகுதிகளுக்கென இயற்றப்பட்ட குற்றப்பழங்குடிகள் சட்டம், 1911இல் திருத்தி விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஒரு கூட்டத்தாரைக் குற்றப்பரம்பரை என அரசு அறிவித்தால், அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் வினவ இயலாது. அறிவிக்கப்பட்டவர் தம் பெயரையும் கைரேகையையும் பதிவு செய்தல் வேண்டும். அதனால் மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர்.

மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் மீது இச்சட்டம் படிப்படியாகப் பாய்ந்தது. இராமநாதபுரம் பகுதியில் மறவர் பலரும் இதற்கு உட்படுத்தப்பட்டனர். ஆடவர் இரவில் காவல்நிலையத்திலோ ஊர்ச்சாவடியிலோ கண்காணிப்பில் தங்க வேண்டியிருந்தது. வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு பெறுதல் வேண்டும். வயலில் அறுவடை காத்திருந்தாலும், வீட்டில் குழந்தை நோயுற்றிருந்தாலும் இரவு வருகைப்பதிவு தவறக்கூடாது, தவறினால் சிறை. ஒருமுறையும் களவு செய்யாதவர்க்கும் இவ்விதி பொருந்தியது.

தண்டனை அளவிலும் இச்சட்டம் வேற்றுமை பாராட்டியது. 1924இல் தொகுக்கப்பட்ட சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் பட்டியலிட்ட குற்றங்களுள் ஒன்றில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால், ஏழாண்டுக்குக் குறையாத சிறை விதிக்கப்படும். மூன்றாம் முறை எனில் ஆயுள்காலத்திற்கு நாடு கடத்தப்படுவார். நீதிபதி இதிலிருந்து விலக விரும்பினால் சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும். ஒரே குற்றத்தை இருவர் செய்திருந்தாலும், அவர்கள் எந்தக் குடியில் பிறந்தார்கள் என்பது தண்டனையின் அளவை மாற்றியது.

செங்கண்ணூரிலிருந்து மதுரைக்கு

திருவிதாங்கூர் நாட்டுச் செங்கண்ணூரில் 1887ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் ஜார்ஜ் ஜோசப் பிறந்தார். புகழ்பெற்ற இதழாளர் போத்தன் ஜோசப் இவருடைய தம்பியாவார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்று முதுகலைப் பட்டம் பெற்ற ஜோசப், இலண்டனில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். 1909இல் தாயகம் திரும்பி, சில காலத்திற்குப் பின் மதுரையில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். மொழியாலும் சமயத்தாலும் அவர் மதுரைக்குப் புதியவர். ஆயினும் வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் அந்நகருக்கே அளித்தார்.

முதல் உலகப்போர்க் காலத்தில் அன்னி பெசண்ட் தன்னாட்சி இயக்கத்தை நடத்தினார். அவ்வியக்கத்தின் கோரிக்கையை இங்கிலாந்து மக்களிடம் எடுத்துரைக்கச் சென்ற குழுவில் ஜோசப்பும் இடம்பெற்றார். ஜிப்ரால்டரில் அக்குழுவைத் தடுத்த அரசு, அவர்களை இந்தியாவிற்கே திருப்பி அனுப்பியது. 1918இல் மதுரை ஆலைத்தொழிலாளர்க்குச் சங்கம் அமைப்பதில் டாக்டர் வரதராஜுலு நாயுடுவுடன் இணைந்து பணியாற்றினார். கூலிக்காகப் போராடிய தொழிலாளியும் ரேகை வைக்க மறுத்த உழவரும் அவருடைய வாயிலை நாடினர்.

பெருங்காமநல்லூர்

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், சேடபட்டியை அடுத்த பெருங்காமநல்லூருக்குக் கைரேகை பதிவு செய்ய அதிகாரிகள் காவல்படையுடன் வந்தனர். ஊரார் மறுத்தனர். வாக்குவாதம் மோதலாக முற்றியது. காவல்படை துப்பாக்கியால் சுட்டது. பதினாறு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். ஊரார் பலர் விலங்கிடப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர்.

ரேகைச் சட்டத்தால் பாதிக்கப்பட்ட கள்ளர், மறவர் சார்பில் ஜார்ஜ் ஜோசப் நீதிமன்றங்களில் வாதாடினார். இதழ்களில் இச்சட்டத்தைக் கண்டித்து எழுதினார். அறிவிப்பையே எதிர்க்க நீதிமன்றத்தில் வழியில்லை என்பதால், ஒவ்வொரு வழக்கிலும் ஒவ்வொரு மனிதருக்காகவும் தனித்தனியே போராட வேண்டியிருந்தது. இந்நிலையில் நீதிமன்ற வாதம் மட்டும் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். சட்டத்தை மாற்றும் ஆற்றல் மக்கள் கருத்துக்கே உண்டு என்பதால் எழுதுகோலையும் கருவியாகக் கொண்டார்.

தங்களுக்காக வாதாடிய அவரை மக்கள் ரோசாப்பூ துரை என்று அன்புடன் அழைத்தனர். ஜோசப் என்னும் பெயரே மக்கள் நாவில் ரோசாப்பூ ஆயிற்று என்பர். அவர் மேலாடையில் ரோசாப்பூ சூடியிருந்ததால் அப்பெயர் வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், துரை என்ற சொல்லை அச்சத்தோடு மட்டுமே சொல்லிப் பழகிய மக்கள், ஒருவரை மட்டும் அன்போடு அவ்வாறு அழைத்தனர். அவருடைய பெயரைத் தம் பிள்ளைகளுக்கும் சூட்டினர்.

சிறைக்குள் ஒரு வழக்கறிஞர்

காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கியபோது, நல்ல வருவாய் தந்த வழக்கறிஞர் தொழிலை ஜோசப் கைவிட்டார். அலகாபாத்திற்குச் சென்று, மோதிலால் நேரு நிறுவிய இண்டிபெண்டெண்ட் நாளிதழுக்கு ஆசிரியரானார். அரசுக்கு எதிராகச் செயல்பட்டதற்காகத் தண்டிக்கப்பட்டு, இலக்னோ சிறையில் ஜவகர்லால் நேரு, மகாதேவ தேசாய் முதலியோருடன் இருந்தார். பிறருக்காகத் தண்டனையை எதிர்த்து வாதாடியவர், தாமே தண்டனையை ஏற்றார். விடுதலைக்குப்பின் 1923இல், காந்தியடிகள் சிறையில் இருந்த காலத்தில், யங் இந்தியா இதழின் ஆசிரியப் பொறுப்பை வகித்தார்.

1924இல் வைக்கம் கோயிலைச் சுற்றிய பொதுச்சாலைகளில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக அறப்போர் தொடங்கியது. தலைவர்கள் அடுத்தடுத்துக் கைதாகியபோது ஜோசப் அதனை முன்னின்று நடத்தினார். இது இந்துக்களே நடத்த வேண்டிய சீர்திருத்தம் என்று காந்தியடிகள் கருதினார். பொதுச்சாலையில் நடப்பது சமயச் சிக்கல் அன்று, குடிமக்களின் உரிமை என்பது ஜோசப்பின் நிலைப்பாடு. அவரும் கைதாகிச் சிறை சென்றார். அவருக்குப்பின் அப்போராட்டத்திற்கு வலிமை சேர்க்கத் தந்தை பெரியார் வைக்கம் வந்தார்.

பிறப்பால் ஒருவர்க்குச் சாலை மறுக்கப்படுவதும், பிறப்பால் ஒருவர் இரவுதோறும் காவல்நிலையத்திற்கு அழைக்கப்படுவதும் ஒரே அநீதியின் இரு வடிவங்களே. வைக்கத்திலும் மதுரையிலும் ஜோசப் எதிர்த்தது அந்த அநீதியைத்தான்.

விருதுநகர் வழக்கு

மீண்டும் மதுரையில் வழக்கறிஞர் தொழிலைத் தொடர்ந்த ஜோசப், 1933இல் புகழ்பெற்ற வழக்கொன்றில் தோன்றினார். விருதுநகர், திருவில்லிபுத்தூர் காவல்நிலையங்களில் வெடிகுண்டு வீசப்பட்டதன் தொடர்பாக, இளைஞராக இருந்த காமராசர் மீது சதிக்குற்றம் சாட்டப்பட்டது. அவர் முன்னரே உப்பு அறப்போரில் சிறை சென்றவர். அரசின் கண்ணில் ஐயத்திற்குரியவர். ஆனால் ஐயம் சான்றாகாது. ஜார்ஜ் ஜோசப்பும் வரதராஜுலு நாயுடுவும் அவருக்காக வாதாடிக் குற்றச்சாட்டு அடிப்படையற்றது என நிறுவினர். காமராசர் விடுவிக்கப்பட்டார். பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சராகிப் பள்ளிகளைப் பெருக்கிய தலைவரின் பொதுவாழ்வு, அன்று பொய்க் குற்றச்சாட்டால் முடங்காமல் காக்கப்பட்டது.

இவ்வழக்கையும் ரேகைச் சட்டத்தையும் அருகருகே வைத்து நோக்குதல் தகும். காமராசருக்கு வழக்கு இருந்தது, விசாரணை இருந்தது, சான்றை மறுக்கும் வாய்ப்பும் இருந்தது. எனவே உண்மை வெளிப்பட்டது. ரேகைச் சட்டத்தின்கீழ் பதியப்பட்ட உழவருக்கோ மறுப்பதற்குக் குற்றச்சாட்டே இல்லை. அவருடைய பிறப்பே குற்றச்சாட்டாகவும் சான்றாகவும் தீர்ப்பாகவும் அமைந்தது.

தண்டனையின் நோக்கம்

வெருவந்த செய்யாமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் தண்டனைக்கு மூன்று வரையறைகளைத் தருகிறார். குற்றத்தைத் தக்கவாறு ஆராய்தல் வேண்டும். அக்குற்றம் மீண்டும் நிகழாதவாறு செய்தல் வேண்டும். தண்டனை குற்றத்திற்கு ஒத்ததாக இருத்தல் வேண்டும். ஆராயாமல் வழங்கிய தண்டனை என்ன செய்யும் என்பதைச் சிலப்பதிகாரம் இதே மதுரையில் நிகழ்ந்த கதையாகக் காட்டுகிறது. பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன் கோவலனை விசாரிக்காமலே கொல்லச் செய்தான். உண்மை அறிந்ததும் அவன் உயிரே அவனைத் தண்டித்தது.

இவ்வளவைகளைக் கொண்டு பார்த்தால் ரேகைச் சட்டத்தின் பிழை விளங்கும். அதில் தனிமனிதரின் குற்றம் ஆராயப்படவில்லை. குற்றம் இல்லாத இடத்தில் ஒத்த தண்டனை என்ற பேச்சுக்கே இடமில்லை. குற்றம் மீண்டும் நிகழாமல் தடுப்பதே தன் நோக்கம் என அரசு கூறிக்கொண்டது. ஆனால், நேர்மையாக வாழ்ந்தாலும் பட்டியலிலிருந்து நீங்க இயலாது எனில், நேர்மைக்கு என்ன பயன்? இரவில் வெளியே செல்ல இயலாதவர் தொலைவில் வேலை தேடுவதெங்ஙனம்? அச்சுறுத்திக் குற்றத்தைத் தடுக்க எண்ணிய சட்டம், உழைத்து வாழும் வழியையும் அடைத்தது.

அரசு அடக்குமுறையை மட்டுமே கையாண்டது என்று கூறுவதும் முழு உண்மையாகாது. 1920ஐ ஒட்டித் தொடங்கிய கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிகள் திறக்கப்பட்டன. கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் தொடர்ந்து கல்விப்பணி ஆற்றிவந்துள்ளன. ரேகைப் பதிவேடு மறைந்துவிட்டது, பள்ளி நிலைத்தது. ஒரு சமூகத்தை உயர்த்த வல்லது எது என்பதற்கு இதுவே விடை.

வெற்றியைக் காணாத வாழ்வு

1937இல் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளை உள்ளடக்கிய தொகுதியிலிருந்து ஜோசப் மத்தியச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நீதிமன்றத்தில் எதிர்த்த சட்டத்தை, சட்டம் இயற்றும் அவையிலேயே எதிர்க்கும் வாய்ப்பு கிட்டிற்று. ஆனால் அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. 1938ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், ஐம்பதாம் வயதில் மதுரையில் காலமானார். அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்தபோது ரேகைச் சட்டம் நடைமுறையில்தான் இருந்தது. முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்ட பலர் போராட்டத்தைத் தொடர்ந்தனர். 1947இல் சென்னை மாகாணம் அச்சட்டத்தை நீக்கியது. 1952இல் நாடு முழுவதும் அது நீக்கப்பட்டது. பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகத்தார் தமிழ்நாட்டில் சீர்மரபினர் எனப்படுகின்றனர். 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம், பிறப்பை நோக்காமல் ஒருவர் முன்பு பெற்ற தண்டனைகளை நோக்கியது. எனினும் பழைய எண்ணம் சட்டத்தோடு மறைந்துவிடவில்லை. சிறைகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிக்கும் விதிகளும், சீர்மரபினரை இயல்பாகவே குற்றவாளிகளாகக் கருதும் விதிகளும் செல்லாதவை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024ஆம் ஆண்டில்தான்.

ஒருவர் செய்த செயலுக்கு மட்டுமே அவரைத் தண்டித்தல் வேண்டும் என்னும் எளிய அறம் நிலைபெற இத்தனை காலம் ஆயிற்று. அவ்வறத்திற்காகத் தம் தொழிலையும் உரிமையையும் இழக்கத் துணிந்தவர் ஜார்ஜ் ஜோசப். பெருங்காமநல்லூரில் உயிரிழந்தோருக்கு நினைவுத்தூண் நிற்கிறது. பட்டியலில் தம் பெயரைக் கண்டு தலைகுனிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தலைநிமிர்ந்து வகுப்பறைகளில் அமர்ந்து சட்டமும் வரலாறும் பயில்கின்றனர். ரோசாப்பூ துரை என்னும் பெயர் அவர்களுடைய ஊர்களில் இன்றும் வழங்குகிறது.