ருஸ்தமே ஜமான் காமா பயில்வான்

நமது கோல சிலாங்கூர் வட்டாரத்தில் குத்துச்சண்டை, மல்யுத்தம் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். 1975ஆம் ஆண்டு ஜூலை 1ந் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகம்மது அலி, ஜோ பக்னரோடு பதினைந்து சுற்றுகள் பொருதி வென்றதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள், அந்த வித்தை இனி எவருக்கும் வராது என்று சாதிப்பார்கள். கைப்பேசியில் இன்றையப் போட்டிகளைக் காணும் வாலிபர்களோ, வித்தை நாளுக்கு நாள் வளர்ந்து வருகிறது, பழையவர்கள் இன்று வந்தால் ஒரு சுற்றுக்கூட நிற்கமாட்டார்கள் என்று எதிர்வாதம் செய்வார்கள். கடையில் இருந்துகொண்டு இவ்வழக்கைப் பலமுறை கேட்டிருக்கிறோம். இரு கட்சியாரும் அறிய வேண்டிய ஒரு வரலாறு உண்டு. அது மர்ஹூம் காமா பயில்வானின் வரலாறு. அன்னார் குத்துச்சண்டை வீரரல்லர், மல்லர். ஆயினும் கிழக்கிலும் மேற்கிலும் மண்ணிலும் மெத்தையிலும் பொருதியவராதலால், வித்தை வளர்கிறதா என்னும் கேள்வியை உரைத்துப் பார்க்க அவரைவிடச் சிறந்த உரைகல் கிடைப்பதரிது.

இளமையும் பயிற்சியும்

குலாம் முகம்மது பக்ஷ் என்பது அவருடைய இயற்பெயர். 1878ஆம் ஆண்டில், பஞ்சாபில் குடியேறிய காஷ்மீரி முஸ்லிம் மல்லர் குடும்பத்தில் பிறந்தார். ஆறு வயதளவில் தந்தையை இழந்தார். தந்தையும் மல்லரே. தாய்வழிப் பாட்டனாரும் மாமாவும் அந்த அனாதைச் சிறுவனைக் கோதாவில் இறக்கி வளர்த்தார்கள். பத்து வயதில், 1888ஆம் ஆண்டு, ஜோத்பூர் மகாராஜா நடத்திய பஸ்கிப் பந்தயத்தில் நானூறுக்கு மேற்பட்ட மல்லர்களுக்கிடையே கடைசிப் பதினைவருள் ஒருவராக நின்று, பந்தயத்தின் பரிசைப் பெற்றார் என்று அவர் சரிதையை எழுதியோர் கூறுகின்றனர். பின்னர் தத்தியா சமஸ்தானத்து மகாராஜா அவரை ஆதரித்தார்.

ஆயிரக்கணக்கில் பஸ்கி, ஆயிரக்கணக்கில் தண்டால், அதற்குமேல் கோதாவில் நாற்பது மல்லர்களோடு ஒருவர்பின் ஒருவராகப் பிடி: இதுவே அவருடைய அன்றாடக் கணக்கு. இதற்கேற்ற பாலும் நெய்யும் பாதாமும் சமஸ்தானத்துச் செலவில் வந்தன. ஒரு கலை ஓங்குவதற்கு அதை ஊட்டி வளர்ப்பாரும் வேண்டும் என்பதை வாசகர்கள் இங்கே குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அவர் உயரம் ஐந்தடி எட்டு அங்குலத்தை ஒட்டியதே. அவரோடு பலமுறை மோதிய ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவோ ஏறத்தாழ ஏழடி உயர்ந்தவர். லாகூரில் மணிக்கணக்காக நடந்த பிடி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கடைசியில் அலகாபாத்தில் காமாவே ஜெயித்து, ருஸ்தமே ஹிந்த் என்னும் பட்டத்தை அடைந்தார்.

லண்டன் பந்தயம்

1910ஆம் ஆண்டில் தம்பி இமாம் பக்ஷோடு காமா லண்டன் சென்றார். உயரம் போதாதென்று அங்கே அவரைப் பந்தயத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. எந்த எடையுள்ள மல்லராயினும் மூவரை முப்பது நிமிடங்களில் வீழ்த்துவதாக அவர் சவால் விட்டார். முதலில் பலர் அதை வெறும் விளம்பரம் என்றே எண்ணினர். அமெரிக்க மல்லரான டாக்டர் பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். முதற்பிடியில் 1 நிமிடம் 40 விநாடியிலும், இரண்டாம் பிடியில் 9 நிமிடம் 10 விநாடியிலும் ரோலர் வீழ்ந்தார். தம்பி இமாம் பக்ஷும் சுவிட்சர்லாந்தின் ஜான் லெம்மை வென்றார்.

செப்டம்பர் 10ந் தேதி போலந்து நாட்டு மல்லர் ஸ்டானிஸ்லாஸ் ஜிபிஸ்கோவோடு பெரும் பந்தயம் நடந்தது. பரிசு 250 பவுன். முதல் நிமிடத்திலேயே காமா அவரைக் கீழே கொண்டுவந்துவிட்டார். ஆனால் ஜிபிஸ்கோ கைதேர்ந்தவர். இரு தோள்களும் மெத்தையில் படாதவரை தோல்வியில்லை என்பது விதி. ஆகவே அவர் குப்புறப் படுத்து மெத்தையைப் பற்றிக்கொண்டு எழவே மறுத்தார். 2 மணி 35 நிமிடம் இவ்வாறே கழிந்தது. முடிவு சமன் என்றாயிற்று. ஒருவாரம் கழித்து, 17ந் தேதி, மறுபந்தயத்துக்கு ஜிபிஸ்கோ வரவேயில்லை. வெற்றி காமாவுக்கே அளிக்கப்பட்டது. உலகின் ருஸ்தம் என்று பொருள்படும் ருஸ்தமே ஜமான் பட்டம் அவரோடு சேர்ந்தது.

பதினெட்டு ஆண்டுகள் சென்றன. 1928 ஜனவரியில் பட்டியாலா மகாராஜா அவ்விருவரையும் மீண்டும் மோதவைத்தார். இம்முறை மெத்தையில்லை, இந்திய முறைப்படி மண் கோதா. ஒரு நிமிடத்துக்குள் ஜிபிஸ்கோவின் தோள்கள் மண்ணில் பட்டன. லண்டனில் இரண்டரை மணிக்கு மேல் முடியாத காரியம் பட்டியாலாவில் ஒரு நிமிடத்தில் முடிந்ததெனில், இடையிலே வித்தை வளர்ந்துவிட்டதென்று பொருளாகுமா? இருவருக்கும் அப்போது ஐம்பது வயது நெருங்கிவிட்டது. ஆட்களும் மாறவில்லை. மாறியது தரையும் விதியுமே.

வித்தை வளர்கிறதா?

இதே பாடத்தை 1976ஆம் ஆண்டும் புகட்டியது. ஜூன் 26ந் தேதி தோக்கியோவில் முகம்மது அலியை எதிர்த்த ஜப்பானிய மல்லர் அந்தோனியோ இனோக்கி, பெரும்பாலான நேரம் மல்லாந்து கிடந்து காலாலேயே உதைத்தார். பதினைந்து சுற்றும் போய்ச் சமனாயிற்று. அலியின் கைவேகம் படுத்துக்கிடப்பவரிடம் என்ன செய்யும்? அதே இனோக்கி டிசம்பர் 12ந் தேதி கராச்சியில், இமாம் பக்ஷின் மகனும் நாற்பதைக் கடந்தவருமான அக்ரம் பயில்வானின் கையை மடக்கி முறுக்கித் தோளைப் பழுதாக்கி வென்றார். மண் கோதாவில் எதிரியின் தோள்களை நிலத்தில் படச்செய்வதே வெற்றி. மூட்டை முறுக்கிப் பணியவைக்கும் பிடிக்கு அங்கே வேலையில்லை. காமா குடும்பம் கற்ற கல்வியில் இல்லாத பாடத்தை எதிரி வேறிடத்தில் கற்றுவந்திருந்தார்.

இதனால் வளர்ச்சியே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. இன்று மல்லர்களுக்கு எடைப் பிரிவு உண்டு, வைத்தியர் உண்டு, தோற்ற பிடியைத் திரும்பத் திரும்பப் படத்தில் பார்த்துத் திருத்திக்கொள்ளவும் வழியுண்டு. மண்ணில் பயின்ற கசாபா ஜாதவ் 1948ல் லண்டன் ஒலிம்பிக்கில் மெத்தைக்குப் புதியவராய் நின்று ஆறாம் இடம் பெற்றார். நான்காண்டு உழைத்து 1952ல் ஹெல்சிங்கியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். இது கற்றதனால் வந்த வளர்ச்சியே. பழமையைப் புகழ்வோரும் கணக்கறிந்து பேசுதல் நலம். காமா 1,200 கிலோ எடையுள்ள கல்லைத் தூக்கினார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. 2016ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எடி ஹால் 500 கிலோவைத் தரையிலிருந்து இடுப்பளவு உயர்த்தியபோதே உலகம் வியந்தது. அன்னாரின் புகழுக்கு அந்தக் கல் தேவையேயில்லை.

ஆகவே வித்தை ஏணிபோல் படிப்படியாக மேலேறுவதன்று, விவசாயம் போன்றது. எந்த விதிக்கு நீர் பாய்ச்சுகிறோமோ அந்தப் பயிர் விளையும். கவனிக்காத பயிர் கருகும். சமஸ்தானங்கள் மறைந்தபின் கோதாக்கள் பல வற்றியதற்குக் காரணம் இதுவே.

நமது தோட்டப்புறங்களிலும் இதைக் காண்கிறோம். ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, தஞ்சோங் காராங் பக்கங்களில் தோட்டத்துத் திடல்களில் மாலைதோறும் சிலம்பம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் இருந்தார்கள். குடும்பங்கள் தோட்டங்களைவிட்டுப் பட்டணங்களுக்குப் போனபின் கற்பார் குறைந்தனர். ஒரு வாத்தியார் மௌத்தாகும்போது அவரோடு எத்தனை அடிமுறைகள் மண்ணுக்குள் போகின்றன என்று எண்ணினால் மனம் பதறுகிறது. வித்தை தானே வளரும் என்று நம்பியிருந்தால் நம் பிள்ளைகளுக்கு எஞ்சுவது கைப்பேசிப் படம் மட்டுமே.

இறுதிக் காலம்

1947ஆம் ஆண்டுப் பிரிவினைக் கலவரத்தின்போது காமா லாகூரில் தம் தெருவில் வாழ்ந்த ஹிந்துக் குடும்பங்களுக்குத் தம் சிஷ்யர்களோடு காவல் நின்று, அவர்களைப் பத்திரமாக அனுப்பிவைத்தார் என்பது இன்றளவும் நன்றியோடு பேசப்படும் செய்தி. சினத்தில் தன்னை அடக்குபவனே வீரன், பிறரை வீழ்த்துபவன் அல்லன் என்று நமது நாயகம் (ஸல்) அவர்கள் போதித்த பாடத்தை, பிறரை வீழ்த்துவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் சினம் தலைக்கேறிய ஓர் ஊரில் நடத்திக் காட்டினார். இந்தப் பிடிக்கு விதியும் மாறவில்லை, தரையும் மாறவில்லை.

பிற்காலத்தில் நோயும் வறுமையும் அவரை வாட்டின. 1960ஆம் ஆண்டு மே 23ந் தேதி லாகூரில் காலமானார். வல்ல நாயன் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்பதவி அருள்வானாக. ஆமீன்.

நமது சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிலம்பமோ குத்துச்சண்டையோ மல்யுத்தமோ, உங்கள் ஊரில் கற்றுத்தரும் வாத்தியார் எந்தச் சமூகத்தவராயினும், அவர் இருக்கும்போதே பிள்ளைகளை அவரிடம் சேர்த்துவிடுங்கள். பழையவர் பெரியவரா புதியவர் பெரியவரா என்னும் வழக்கை அவர்கள் திடலிலேயே தீர்த்துக்கொள்வார்கள்.