வாழ்க்கை கேட்ட கேள்வி: டாக்டர் மேரி வர்கீஸ்



தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த ஒருவரையாவது நம் கீழ்வேளூர்ப் பக்கத்தில் நீங்கள் அறிந்திருப்பீர்கள். உயிர் பிழைத்துவிட்டார் என்று ஊர் ஆறுதல் சொல்லும். ஆனால் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. இனி நான் எதற்காக உயிரோடு இருக்க வேண்டும் என்ற கேள்வி அவருக்கு அதற்குப் பிறகுதான் வரும். விபத்தில் சிக்காதவர்களுக்கும் இந்தக் கேள்வி வருவதுண்டு. ஓய்வு பெற்றவருக்கு வரும், துணையை இழந்தவருக்கு வரும், பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு வெறிச்சோடிய வீட்டில் இருப்பவருக்கும் வரும்.

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த ஒரு மருத்துவரின் வாழ்க்கையை இந்த இதழில் பார்ப்போம்.

மேரி வர்கீஸ் 1925-ஆம் ஆண்டு கொச்சிக்கு அருகே, வைப்பின் தீவில் உள்ள செராய் என்ற ஊரில் பிறந்தார். மருத்துவம் படிக்க 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். படிப்பு முடிந்ததும் அங்கேயே பணியில் சேர்ந்தார். பெண்களுக்கான மருத்துவத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவருடைய விருப்பம். வழி தெளிவாக இருந்தது, வயதும் இருந்தது.

1954 ஜனவரி 30. விடுமுறை நாளில் சக மருத்துவர்களோடு வேனில் வெளியூர் போகும்போது வண்டி கவிழ்ந்தது. மேரிக்கு முகத்தில் பலத்த காயம். அதைவிடப் பெரிய சேதம் தண்டுவடத்தில். இடுப்புக்குக் கீழே முழுவதும் செயலிழந்தது. அப்போது அவருக்கு 28 வயது.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்களின் நிலை என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே பக்கமாகப் படுத்தால் படுக்கைப்புண் வரும். சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றும். பலரும் இவற்றால்தான் இறந்தார்கள். இவர்களையும் நெடுநாள் வாழவைக்க முடியும் என்று இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் பணியைத் தொடங்கியதே 1944-ல்தான். மேரி மருத்துவர் என்பதால் தன் நிலை என்ன என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

வேலூரில் அப்போது டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் மறுபடி நிமிர்த்தியவர். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டும் சுட்டும் சிதைகின்றன என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே.

பிராண்ட் மேரியிடம் ஒரு யோசனை சொன்னார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரியின் கைகளுக்கு எந்தக் குறையும் இல்லை. அப்படியானால் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அவர் ஏன் அறுவை சிகிச்சை செய்யக் கூடாது?

படுக்கையில் கிடப்பவரிடம் கத்தி பிடிக்கச் சொன்னால் தயக்கம் வருவது இயல்பு. முதுகு நிமிர்ந்து உட்காரவே அவருக்கு மேலும் அறுவை சிகிச்சைகள் தேவைப்பட்டன. ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை அவருக்குத் துணையாக இருந்தது. கடைசியில் சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார். வேலையைக் கற்றார், செய்தார்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவருடைய நோயாளிகளுக்குக் கையில் உணர்ச்சி இல்லை, அவருக்குக் காலில் இல்லை. வலியை உணராத உடம்பை நாள் முழுவதும் கண்ணால் பார்த்தே காப்பாற்ற வேண்டிய நிலை இருவருக்கும் பொது. ஊர் ஒதுக்கிய ஒரு தொழுநோயாளிக்கு, தன் கையைப் பிடித்துப் பார்க்கும் டாக்டரும் சக்கர நாற்காலியில் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய மருந்தாக இருந்திருக்கும்!

ஏறக்குறைய இதே காலத்தில் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் விக்டர் ஃபிராங்கல் என்ற மனநல மருத்துவர் இந்தக் கேள்வியை வேறொரு பக்கத்திலிருந்து அணுகிக்கொண்டிருந்தார். 1905-ல் பிறந்த அவர், நாஜிக்களின் வதைமுகாம்களில் பெற்றோரையும் அண்ணன் தம்பி உறவையும் மனைவியையும் பறிகொடுத்து 1945-ல் தனியாளாக மீண்டவர். இருத்தலியத் தத்துவத்தை மனநலச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். அவருடைய முறைக்கு லோகோதெரபி என்று பெயர். அர்த்தத்தின் வழியே குணப்படுத்துவது என்று அதைச் சொல்லலாம்.

அவர் கருத்தை நம் வார்த்தையில் சொல்கிறேன். வாழ்க்கையிடம் நாம் அர்த்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். உண்மையில் கேள்வி கேட்பது வாழ்க்கை, பதில் சொல்ல வேண்டியது நாம். அந்தப் பதில் பேச்சில் இல்லை, அடுத்துச் செய்யும் காரியத்தில் இருக்கிறது. செய்யும் வேலை, நேசிக்கும் மனிதர், தவிர்க்க முடியாத துன்பத்தை நாம் எதிர்கொள்ளும் விதம் என மூன்று வழிகளில் அது கிடைக்கும் என்றார். கூடவே ஓர் எச்சரிக்கையும் வைத்தார். தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தவிர்க்கத்தான் வேண்டும். வீணாகப் பொறுத்துக்கொள்வதில் பெருமை எதுவும் இல்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேரியின் கதைக்குத் திரும்புவோம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அவர் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தானே உடுத்துவது, யாரையும் எதிர்பாராமல் நகர்வது என்று ஒவ்வொன்றும் அவருக்குப் புதிய பாடம். தனக்குக் கிடைத்த இந்த வாய்ப்பு நம் நாட்டில் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்ற எண்ணம் அவரை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தியது. கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்வதோடு நிற்காமல் முழு மனிதரையும் மீட்டெடுக்கும் மருத்துவம் படிக்க நியூயார்க் சென்றார். அங்கே இத்துறையின் முன்னோடியான டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் பயின்றார்.

அங்கேயே தங்கியிருக்கலாம்.  ஆனால் வேலூருக்குத் திரும்பி வந்து, 1963-ல் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். அந்தத் துறை நம் நாட்டில் அப்போதுதான் வேர்விட்டுக்கொண்டிருந்தது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986 டிசம்பரில் தமது 61-ஆம் வயதில் காலமானார். விபத்துக்குப் பிறகு அவர் வாழ்ந்தது 32 ஆண்டுகளுக்கும் மேல்.

அந்த நிலையம் இன்றும் நடக்கிறது. முதுகெலும்பு முறிந்த விவசாயியும் கூலித் தொழிலாளியும் அங்கே போய், இருக்கும் உடம்பை வைத்துக்கொண்டு மறுபடி வாழக் கற்று ஊர் திரும்புகிறார்கள். அப்படித் திரும்பியவர்கள் ஒன்றுகூடும் மறுவாழ்வு மேளாவும் அங்கே நடக்கிறது.

இந்த வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள இரண்டு விஷயங்கள் இருப்பதாக எனக்குப் படுகிறது.

முதலாவது, மனம் உடைந்து கிடப்பவருக்கு வாழ்க்கையின் அர்த்தம் பற்றி உபதேசம் செய்வதால் பலனில்லை. பிராண்ட் உபதேசம் செய்யவில்லை. அந்தக் கைகளால் முடிகிற ஒரு வேலையைக் காட்டினார். நம் குடியிருப்பிலும் கணக்குத் தெரிந்த பெரியவர் இருக்கிறார், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தர முடிந்தவர். கீரை வளர்க்கத் தெரிந்த அம்மா இருக்கிறார், மொட்டை மாடித் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தவர். அவர்களைப் பரிதாபமாக நலம் விசாரிப்பதைவிட ஓர் உதவி கேட்டுப் பாருங்கள். அதையும் தாண்டி ஒருவர் தூக்கமும் பசியும் இன்றி வாடினால் தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

இரண்டாவது, மன உறுதி மட்டும் போதாது. மேரிக்கு நாற்காலி கிடைத்தது, சாய்தளம் கிடைத்தது, தியேட்டருக்குள் வழி கிடைத்தது. அவை இல்லாவிட்டால் அந்தத் திறமையான கைகள் படுக்கையிலேயே கிடந்திருக்கும். கால் செயலிழந்தது தவிர்க்க முடியாத துன்பம். வாசலில் மூன்று படி இருப்பது தவிர்க்கக்கூடிய துன்பம்.

நம் கேடிலியப்பர் கோயில் மாடக்கோயில், படி ஏறித்தான் சுவாமியைப் பார்க்க வேண்டும். அது பழங்காலக் கட்டுமானம். நம் பிளாக்குகளின் வாசல் படிகள் அப்படியல்ல, நாமே மாற்றிவிடலாம். சாய்தளத்துக்குக் கணக்கு எளிது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அரை அடிப் படிகள் மூன்று என்றால் பதினெட்டு அடி. இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், தரை வழுக்கக் கூடாது. இரு சக்கர வாகனங்களைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் இடம் கிடைத்துவிடும்.

அடுத்த பொதுக்குழுவில் இது பேச்சுக்கு வரும்போது செலவுக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் கீழே இறங்கி வராதவர்கள் உங்கள் பிளாக்கில் எத்தனை பேர்? அவர்கள் பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வாருங்கள்.