லயனல் வென்டின் இருட்டறை

முப்பது வயதைக் கடந்த பின்னரே லயனல் வென்ட் புகைப்படக் கருவியை முழுமனத்தோடு கையில் எடுத்தார். நாற்பத்து நான்காம் வயதில் மறைந்தார். இடைப்பட்ட பத்தாண்டுகளுக்குள், ஆடையற்ற மனித உடலை இந்த மண்ணின் வெயிலில் எப்படிக் காண்பது என்பதற்கு அவர் கண்ட விடை இன்றளவும் பழசாகவில்லை.

1900 டிசம்பர் 3ஆம் நாள் கொழும்பில் பிறந்தவர். தந்தை ஹென்றி லொரென்ஸ் வென்ட் பறங்கியர் சமூகத்தவர். உச்ச நீதிமன்ற நீதிபதி. ஓய்வு நேரங்களில் புகைப்படமும் எடுத்தவர். தாய் சிங்களக் குடும்பத்தவர். பதினெட்டு வயது நிறைவதற்குள் இருவரையும் இழந்த வென்ட் 1919இல் இங்கிலாந்து சென்று சட்டமும் பியானோவும் ஒருங்கே பயின்றார். 1924இல் திரும்பியவர் நீதிமன்றத்தில் நெடுநாள் நிலைக்கவில்லை; பியானோவே வென்றது. சிலி நாட்டுத் தூதரக அலுவலராக அந்நகரில் தனிமையில் வாடிய கவிஞர் பாப்லோ நெரூடாவுக்கு வாரந்தோறும் மிதிவண்டியில் மூட்டை மூட்டையாய்ப் புத்தகங்களை அனுப்பி வைத்தவரும் இவரே.

இலங்கையில் வெற்றுடம்பு அதற்கு முன்பும் படமாகாமல் இல்லை. வெள்ளையர் நடத்திய படக்கூடங்கள் சுதேசி உடல்களைத் தபால் அட்டைகளாக விற்றுவந்தன. அவற்றில் நிற்பவர் மனிதர் அல்லர். ஓர் இனத்தின் மாதிரி. மற்றொரு புறம், கழகப் புகைப்படக்காரர் போற்றிய மங்கலான, பனிமூட்டம் போன்ற படங்கள். ஐரோப்பியச் சிலைகளின் நிலைகளை உயிருள்ள உடலுக்குப் போர்த்தியவை. முன்னது ஆராய்ச்சிப் பொருள், பின்னது அலங்காரப் பொருள். இரண்டிலிருந்தும் விலகி நிற்பதே வென்டுக்கு முதல் வேலையாயிற்று.

தனிநடை ஒரே நாளில் கைவரவில்லை. ஐரோப்பாவின் புதுமைகள் அனைத்தையும் அவர் செய்து பார்த்தார். பல படங்களை ஒட்டி இணைத்தார். கனவுத்தன்மையுள்ள காட்சிகளை அமைத்தார். இவற்றுட் சில இரவல் உடைபோலவே இருக்கின்றன. ஆனால் மான் ரேயின் பெயரோடு அறியப்பட்ட சோலரைசேஷன் முறையில் அவர் கை வேறாகத் தெரிகிறது. படம் துலங்கிக்கொண்டிருக்கும்போதே இருட்டறையில் ஒருகணம் வெளிச்சத்தைக் காட்டினால், ஒளியும் நிழலும் ஓரளவு இடம் மாறிக்கொள்ளும். அவை சந்திக்கும் விளிம்பில் ஒரு கோடு எழும். தூரிகை தொடாத கோடு அது. வென்டின் உடற்படங்களில் அக்கோடு தோளையும் இடுப்பையும் சுற்றிவந்து, சதையைச் சிற்பமாக்காமல் சதையாகவே நிறுத்துகிறது.

அவருடைய ஆகச் சிறந்த படங்கள் தந்திரம் ஏதுமற்றவை என்பதையும் சொல்லவேண்டும். உழைப்பவனின் முதுகு, நனைந்த துணி ஒட்டிய தொடை, கருந்தோலின்மேல் இலைநிழல். உச்சிவெயில் தோளை வெளுக்கவைத்துக் கண்குழியைக் கறுப்பாக்கிவிடும் நாடு இது; கறுப்புக்குள்ளும் பல கறுப்புகள் உண்டு என்று கண்டுகொள்ளாதவன் இங்கே உடலைப் படமெடுக்க இயலாது. வென்டின் அச்சுப்படிகளில் அந்த நிழல்கள் செறிந்து பேசுகின்றன. முகம் பல படங்களில் திரும்பியிருக்கிறது. வெட்கத்தால் அன்று, முகம் இல்லாதபோது உடல் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்குகிறது. ஒரே பாடத்தை நாள்கணக்கில் விரலுக்குப் பழக்கிய பியானோக் கலைஞனின் பொறுமை இங்கே உதவியிருக்கவேண்டும்.

பெண்ணுடலையும் எடுத்தார், எனினும் அவர் கண் தங்கியது ஆணுடலில்தான். அழகுக்குப் பெண்ணையே பாடிப் பழகிய மரபுகளுக்கு இது புதிது. அதில் விழைவும் உண்டு. ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவைக் குற்றமாக்கிய 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை ஆண்ட நாட்டில், நீதிபதியின் மகன், சட்டம் பயின்றவர், இப்படங்களை எடுத்தார் என்பதை மறந்துவிட்டு அவற்றின் அமைதியை மட்டும் பாராட்டுவது முறையாகாது.

பிற பணிகளும் பல. பேசில் ரைட் இயக்கிய ‘சாங் ஆஃப் சிலோன்’ ஆவணப்படத்தில் (1934) ஒலிக்கும் குரல் வென்டுடையது. கண்டிய நடனக் கலைஞர்களுக்கு ஆதரவாக இருந்தார். 1938இல் லண்டனில் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1943 ஆகஸ்டில், ஜார்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலிய ஓவியர்கள் சேர்ந்த ‘43 குழு’ உருவானது அவருடைய கில்ஃபோர்ட் கிரெசென்ட் இல்லத்தில்தான்.

1944 டிசம்பர் 19இல் மாரடைப்பு. அவர் இறந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. ஆகவே அவரே அச்சிட்ட படிகளே எஞ்சின; புதிதாக ஒருவர் இனி அச்சிட்டுப் பார்க்க வழியில்லை. நண்பர் எல். சி. வான் கைசெல் தொகுத்த படநூல் 1950இல் லண்டனில் வெளியாயிற்று. வீடு இருந்த இடத்தில் 1953இல் அவர் பெயரால் ஓர் அரங்கம் எழுந்தது. பின்னர் அதனோடு கலைக்கூடமும் சேர்ந்தது.