குகையிற் பயின்ற சிறுமி

பிரான்சு நாட்டின் தென்மேற்குப் பகுதியில் வெசேர் என்னும் ஆறு ஓடுகின்றது. அதன் கரைகளில் வெண்மையும் பழுப்பும் கலந்த சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாக உயர்ந்து நிற்கின்றன. பாறைகளின் அடியில் வரிசையாகப் பல குகைகள் உள்ளன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், பயிர்த்தொழிலும் உலோகமும் அறியாத மக்கள் அக்குகைகளின் வாயில்களில் தீ மூட்டிக் குளிர் காய்ந்தனர். கல்லை உடைத்துக் கருவி செய்தனர். உட்சுவர்களில் காட்டெருமையையும் குதிரையையும் எழுதினர். இப்பகுதியின் நடுவே லெசெசி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் பாறையை ஒட்டிய பழைய கோட்டை ஒன்றில், பெய்ரோனி என்ற பள்ளி ஆசிரியரின் முயற்சியால் பொருட்காட்சிசாலை ஒன்று அமைந்தது. குகைகளிற் கிடைத்த கருவிகளும் எலும்புகளும் அதில் வைக்கப்பட்டிருந்தன.

1925-ஆம் ஆண்டில் இவ்வூருக்கு ஓர் ஆங்கிலக் குடும்பம் வந்து தங்கியது. தந்தை ஓவியர், பெயர் எர்ஸ்கின் நிக்கல். உடன் அவருடைய மனைவி செசிலியாவும், பன்னிரண்டு வயதுள்ள ஒரே மகள் மேரியும் இருந்தனர். மேரி 1913-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தவள். ஆயினும் இலண்டனில் அவள் இருந்த நாட்கள் குறைவே. தந்தையார் இயற்கைக் காட்சிகளை வரைந்து விற்று வாழ்ந்தவராதலின், ஆண்டின் பெரும்பகுதியைப் பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளிற் கழித்தார். மனைவியும் மகளும் அவருடனேயே சென்றனர். ஊர்விட்டு ஊர் மாறும் அவ்வாழ்க்கையில் மேரிக்கு முறையான பள்ளிப்படிப்பு வாய்க்கவில்லை. பிரஞ்சு மொழி மட்டும் தாய்மொழிபோல் நாவிற் படிந்தது.

நிக்கலுக்குப் பழம்பொருள்களில் பெருவிருப்பம் உண்டு. அவர் முன்பு எகிப்தில் தங்கி ஓவியம் வரைந்தவர். 1922-இல் தூத்தங்காமன் என்னும் எகிப்திய அரசனின் கல்லறையைக் கண்டறிந்த ஹோவர்டு கார்ட்டரின் நண்பர். தாய்வழியிலும் இவ்விருப்பத்திற்கு ஒரு வேர் இருந்தது. செசிலியாவின் முன்னோருள் ஒருவர் ஜான் பிரியர் என்பவர். இங்கிலாந்தில் ஹொக்ஸ்னி என்னும் ஊரில் செங்கல்லுக்காக மண் வெட்டிய குழியின் ஆழத்திலிருந்து கிடைத்த கற்கருவிகளைக் கண்டு, அவை உலோகம் அறியாத மிகப் பழைய மக்கள் செய்தவை என்று 1797-ஆம் ஆண்டிலேயே எழுதியவர் அவர். அன்று அதனைப் பொருட்படுத்தியவர் இலர். அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே அறிஞர் உலகம் அக்கடிதத்தின் அருமையை உணர்ந்தது. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டில் புரூஸ் பூட் என்பவர் கண்டெடுத்த கற்கோடரியும் அத்தகைய பழங்கருவியே.

மேரி லெசெசியில் இருந்தபோது, பெய்ரோனியின் மகன் எலி பெய்ரோனி அங்குள்ள குகை ஒன்றை அகழ்ந்துகொண்டிருந்தார். இக்காலத்து ஆய்வாளரைப்போல ஒவ்வொரு துண்டும் எந்த அடுக்கில் எவ்விடத்திற் கிடந்தது என்று அவர் நுணுகிக் குறித்து வைக்கவில்லை. அழகிய கருவிகளை எடுத்துக்கொண்டபின், எஞ்சிய மண்ணும் கல்லும் குகைக்கு வெளியே குவிந்து கிடந்தன. அக்குப்பைமேட்டைக் கிளறிப் பார்க்க மேரிக்கு இசைவு கிடைத்தது. வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்பதே ஏற்பாடு.

சிறுமியின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. தந்தையும் மகளும் அம்மேட்டின் அருகே அமர்ந்து மண்ணைக் கையால் அளைந்தனர். சிக்கிமுக்கிக் கல்லாற் செய்த கத்திகள், தோலைச் சுரண்டும் கருவிகள், துளையிடும் முனைகள் எனப் பலவும் அவர்கள் கையில் அகப்பட்டன. பிறர் வேண்டாமென்று கழித்தவையே அவை. ஆயினும் ஒவ்வொன்றும் மாந்தர் கை பட்டுச் செய்யப்பட்டது. மேரி அவற்றைக் கழுவி வீட்டிற்குக் கொணர்ந்தாள். பின்பு ஒரு வேலை செய்தாள். அதுதான் நாம் கருதத் தக்கது. விளையாட்டுப் பொருளைப்போல் அவற்றைப் பெட்டியிற் கொட்டி வைக்காமல், வடிவம் ஒத்தவற்றை ஒன்றாகவும் ஒவ்வாதவற்றை வேறாகவும் பிரித்து வரிசைப்படுத்தினாள். அவ்வாறு செய்யும்படி அவளுக்கு எவரும் பாடம் விதிக்கவில்லை. இது எதற்குப் பயன்பட்டிருக்கும், இதன் விளிம்பை ஏன் இப்படிச் செதுக்கினார்கள் என்ற கேள்விகள் அவள் உள்ளத்தில் தாமாகவே எழுந்தன.

அவ்வாண்டுக் குளிர்காலத்தில் குடும்பம் தெற்கே கப்ரரே என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. அங்கே லெமோசி என்ற பாதிரியார் இருந்தார். திருக்கோயிற் பணியோடு தொல்பொருள் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டவர் அவர். கேள்வி கேட்டு ஓயாத இச்சிறுமியை அவர் தம் மாணவியாகவே ஏற்றுக்கொண்டார். அவ்வூருக்கருகில் பெஷ் மெர்ல் என்னும் பெருங்குகை உண்டு. அதன் ஓவியக் கூடங்களை மூன்றாண்டுகளுக்கு முன், 1922-ஆம் ஆண்டில், அவ்வூர்ச் சிறுவர் இருவர் தவழ்ந்து சென்று கண்டிருந்தனர். லெமோசி மேரியை அக்குகையினுள் அழைத்துச் சென்று காட்டினார்.

உள்ளே பகலவன் ஒளி சிறிதும் நுழையாது. விளக்கொளி பட்டவுடன் சுவரில் இரண்டு குதிரைகள் தோன்றும். அவற்றின் உடலெங்கும் கரும்புள்ளிகள். சுற்றிலும் மாந்தர் கைகளின் தடங்கள். கையைச் சுவரில் ஊன்றி, அதனைச் சூழ வண்ணத்தைத் தெளித்து அத்தடங்களை உண்டாக்கியிருக்கின்றனர். ஒரு குதிரையின் தலையை எழுதுவதற்கு, இயல்பாகவே குதிரைத் தலைபோல் அமைந்த பாறையின் முனையைத் தெரிந்துகொண்ட ஓவியனின் நுண்ணறிவை என்னென்பது! ஏறத்தாழ 29,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை இவ்வோவியங்கள் என்பது அறிஞர் கணிப்பு. அக்குகையின் களிமண் தரையில், பண்டு அங்கே நடந்த ஓர் இளையோரின் காலடித் தடங்களும் அழியாமல் உள்ளன. ஓவியரின் மகளாகிய மேரி, தன் தந்தை தொழிலின் முதற்பக்கத்தை அச்சுவரிற் கண்டாள் எனலாம்.

இன்பமான இந்நாட்கள் நெடிது நிற்கவில்லை. 1926-ஆம் ஆண்டு இளவேனிற் பருவத்தில் நிக்கல் புற்றுநோயால் இறந்தார். பதின்மூன்று வயதில் மேரி தந்தையை மட்டுமன்று, வழித்துணையையும் ஆசிரியரையும் தோழரையும் ஒருசேர இழந்தாள். தாயும் மகளும் இலண்டனுக்குத் திரும்பினர். மலையும் ஆறும் குகையும் திரிந்த பெண், நாற்புறமும் சுவர் சூழ்ந்த கன்னிமாடப் பள்ளி ஒன்றிற் சேர்க்கப்பட்டாள்.

அப்பள்ளி அவளுக்கு ஒத்துவரவில்லை. எல்லோர் முன்னிலையிலும் செய்யுள் ஒப்பிக்க மறுத்தமையால் அங்கிருந்து விலக்கப்பட்டாள். மற்றொரு பள்ளியிற் சேர்த்தனர். அங்கே வேதியியல் வகுப்பில் வேண்டுமென்றே வெடி உண்டாக்கினாள், அங்கிருந்தும் விலக்கினர். இச்செயல்கள் பாராட்டத் தக்கவை அல்ல; மேரியின் பிடிவாதம் அவருடைய பிற்காலத்தும் பலருக்குத் துன்பம் தந்தது உண்டு. வீட்டிற்கு வந்து கற்பித்த ஆசிரியர்களாலும் பயன் விளையவில்லை. ஒரு தேர்விலேனும் அவர் தேறியதில்லை. மகளை ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்திற் சேர்க்கலாமா என்று தாய் அங்கிருந்த பேராசிரியர் ஒருவரைக் கேட்டபோது, விண்ணப்பம் செய்வதே வீண் என்ற விடை கிடைத்தது.

பட்டம் பெறும் வழி அடைபட்டது. ஆனால் மேரி தாம் செல்ல வேண்டிய திசையைக் குப்பைமேட்டின் அருகிலேயே அறிந்திருந்தார். இலண்டனில் நிகழ்ந்த தொல்பொருள், நிலவியல் சொற்பொழிவுகளுக்குப் பதிவு பெறாத மாணவியாகச் சென்று கேட்டார். பிற்காலத்தில் இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக வந்து அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலரும் அங்கு உரை நிகழ்த்தியவர்களுள் ஒருவர். அகழ்வுப் பணியிற் சேர்த்துக்கொள்ளுமாறு மேரி பலருக்குக் கடிதம் எழுதினார், மறுத்தவர் பலர். இறுதியில் டாரத்தி லிட்டல் என்ற அம்மையார், ஹெம்பரி என்னும் இடத்தில் தாம் நடத்திய அகழ்வில் மேரியைச் சேர்த்துக்கொண்டார். அங்கே 1930-ஆம் ஆண்டு தொடங்கி மண்ணை அடுக்கடுக்காக நீக்கும் முறையை மேரி பயின்றார். கிடைத்த கற்கருவிகளைப் படமாகவும் வரைந்தார்.

கற்கருவியை வரைவது எளிதன்று. எந்தப் பக்கத்திலிருந்து அடி விழுந்தது, எந்தச் சில்லு முதலில் தெறித்தது, எது பின்னர் தெறித்தது என்பன கோடுகளில் விளங்க வேண்டும். தந்தையின் கையிலிருந்து பெற்ற ஓவியத் திறனும், லெசெசியிற் கருவிகளைத் தொட்டுத் தொட்டுப் பெற்ற அறிவும் மேரியின் படங்களில் ஒன்றுகூடின. எகிப்தில் ஆராய்ந்துவந்த காட்டன் தாம்சன் அம்மையார் அவற்றைக் கண்டு வியந்து, தம் நூலுக்கும் படம் வரையச் செய்தார். அவர் வழியாக 1933-இல் லூயி லீக்கி என்ற ஆராய்ச்சியாளரின் அறிமுகம் கிடைத்தது. மாந்த இனம் தோன்றிய இடம் ஆப்பிரிக்காவே என்று உறுதியாக நம்பியவர் அவர். அவருடைய நூலுக்கும் மேரி படம் வரைந்தார். 1935-இல் ஆப்பிரிக்கா சென்றார். 1936-இல் அவரை மணந்து மேரி லீக்கி ஆனார்.

கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியா நாட்டில், ஓல்டுவாய் என்னும் நீண்ட பள்ளத்தாக்கு உள்ளது. மழைநீர் அரித்த அதன் சரிவுகளில் ஏறத்தாழ இருபது இலட்சம் ஆண்டுகளின் மண்ணடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. நிழல் அரிது, நீரோ அதனினும் அரிது. காண்டாமிருகங்கள் புரளும் குட்டை நீரையே லீக்கி குழுவினர் பருக நேர்ந்த காலமும் உண்டு. அவ்விடத்தில் கருவிகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றைச் செய்தவர் யார் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கால் நூற்றாண்டு இவ்வாறு கழிந்தது.

1959-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள் காலையில் லூயி காய்ச்சலால் கூடாரத்திற் படுத்திருந்தார். மேரி அம்மையார் தம் நாய்களுடன் தனியே சரிவுகளை ஆராயச் சென்றார். மண்ணிலிருந்து சிறிதே வெளிப்பட்டிருந்த எலும்பு ஒன்று அவர் கண்ணிற் பட்டது. மண்ணை மெல்லத் துடைத்தார். மேல்தாடையிற் பதிந்த பெரிய பற்கள் தோன்றின. உடனே வண்டியை விரைந்து செலுத்திக் கூடாரத்தை அடைந்தார். செய்தி கேட்ட கணவர் காய்ச்சலை மறந்து எழுந்தார். நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதைந்து கிடந்த அம்மண்டையோட்டை, மண்ணைச் சலித்து எடுத்து, மேரி பொறுமையுடன் ஒட்டி இணைத்தார். அதன் காலம் ஏறத்தாழ 17,50,000 ஆண்டுகள் எனப் பின்னர்க் கணிக்கப்பட்டது. அது நம் நேர் முன்னோரின் மண்டையோடு அன்று. மாந்த இனத்தின் கிளைகளுள் அழிந்துபோன ஒன்றைச் சேர்ந்தது. ஆயினும் உலகத்தின் நோக்கு ஆப்பிரிக்காவின்பால் திரும்ப அதுவே காரணமாயிற்று. அதனால் வந்த புகழின் பெரும்பகுதி நாவன்மை மிக்க லூயிக்கே சென்றது. மேரி மேடையை நாடாதவர்.

புகழினும் மேலான பணி ஒன்றை அவர் அம்மண்ணிற் செய்துகொண்டிருந்தார். மண்டையோடு கிடந்த தரையை முழுவதும் திறந்து, ஒவ்வொரு கற்சில்லும் ஒவ்வோர் எலும்புத் துண்டும் இருந்த இடத்தைப் படத்திற் குறித்தார். லெசெசியின் குகையில் எவை குறிக்கப்படாமற் போயினவோ அவற்றையெல்லாம் இங்கே குறித்தார் என்று சொல்லலாம். கருவிகளை வடிவத்தாலும் செய்முறையாலும் பல வகைகளாகப் பகுத்து, 1971-இல் பெருநூலாக வெளியிட்டார். பன்னிரண்டு வயதில் தொடங்கிய வரிசை அது.

1972-இல் லூயி மறைந்தபின் மேரி, லேட்டோலி என்னும் இடத்தில் ஆராய்ச்சி தொடங்கினார். 1976-இல் அங்கு ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. மாலைப்பொழுதில் ஆராய்ச்சியாளர் சிலர் உலர்ந்த யானை இலத்தியை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடினர். எறிக்குத் தப்பிக் கீழே விழுந்த ஒருவர், தரையில் விலங்குகளின் அடிச்சுவடுகள் கல்லாக உறைந்திருப்பதைக் கண்டார். எரிமலைச் சாம்பல் படிந்து, அதன்மேல் மழை தூறி, விலங்குகள் நடந்தபின் வெயிலில் இறுகிய தரை அது. இரண்டாண்டுகள் கழித்து, 1978-இல், அதே சாம்பல் தரையில் நிமிர்ந்து நடந்தோரின் காலடிகள் வெளிப்பட்டன.

ஏறத்தாழ 36,00,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை அவை. பெரிய காலடி வரிசை ஒன்று. அதனை ஒட்டிச் சிறிய காலடி வரிசை ஒன்று. பெரிய தடங்களில் மற்றொருவரும் கால் வைத்து நடந்திருப்பதாகத் தெரிந்தது. சிறிய தடங்களுக்கு உரியவர் ஓரிடத்தில் நின்று, ஒருபுறம் திரும்பிப் பார்த்துப் பின் நடந்ததாக மேரி கருதினார். அத்தரையில் கற்கருவி எதுவும் கிடைக்கவில்லை. மூளை பெருகுவதற்கும் கருவி செய்வதற்கும் நெடுங்காலம் முன்னரே நம் முன்னோர் இரு காலால் நிமிர்ந்து நடந்தனர் என்பது இதனால் உறுதிப்பட்டது. மேரி முழங்காலில் அமர்ந்து, சிறு கருவிகளாலும் தூரிகையாலும் ஒவ்வோர் அடியையும் துப்புரவு செய்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து.

விண்ணப்பமே வீண் என்று ஒருகால் சொல்லப்பட்ட ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம், 1981-இல் மேரி அம்மையாரை அழைத்து மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1951-இல் தான்சானியாவின் கொண்டோவாப் பகுதிப் பாறைகளில் அவர் படியெடுத்த பழைய ஓவியங்கள் 1983-இல் நூலாக வெளிவந்தன. பெஷ் மெர்ல் குகையை விளக்கொளியிற் கண்ட கண்களுக்கு அப்பணி எத்துணை இன்பம் தந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

லேட்டோலியின் காலடிகள் வெயிலும் மழையும் தாக்காதவாறு மணலிட்டு மீண்டும் மூடப்பட்டன. அம்மணலோடு வந்த வேல மரத்து விதைகள் முளைத்து வேரோடின. 1995, 1996-ஆம் ஆண்டுகளில் வல்லுநர் வந்து தரையைத் திறந்து, வேர்களை நீக்கி, தடங்களை அளந்து, முன்னிலும் நன்றாக மூடினர். அப்பணி நிகழ்ந்த 1996-ஆம் ஆண்டிலேயே, டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள், மேரி அம்மையார் நைரோபி நகரில் காலமானார். காலடிகள் இன்றும் மண்ணுக்கு அடியிலேயே இருக்கின்றன.