சோழ ராஜாவையே சிறை வைத்த கோப்பெருஞ்சிங்கன்: யார் இவர்?

1231-ல் சோழ மன்னர் மூன்றாம் ராஜராஜன் சேந்தமங்கலம் கோட்டையில் கைதி. பண்ருட்டி வழியாக ஓடும் கெடிலம் ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். பிடித்துவைத்தவர் பேரரசர் இல்லை. சோழருக்குக் கீழே இருந்த காடவர் தலைவர் கோப்பெருஞ்சிங்கன்!

சோழர் சரிந்து பாண்டியர் எழுந்த நேரம் அது. ஹொய்சாளர் சோழர் பக்கம். நடுவில் மாட்டியது காடவர் நாடு. (அதே 1231-லதான் கொரியாவின் கோர்யோ நாட்டுக்குள் மங்கோலியர் நுழைந்தார்கள். அங்கேயும் இதே பாடுதான்.)

ராஜராஜனை மீட்க ஹொய்சாள மன்னர் இரண்டாம் நரசிம்மன், அப்பண்ணன், சமுத்திர கோபய்யன் என்ற தளபதிகளை அனுப்பினார். வழியில் அவர்கள் அழித்த ஊர்களின் பெயர்கள் கடலூர் அருகே திருவந்திபுரம் கோயில் கல்வெட்டில் வரிசையாக இருக்கின்றன. ராஜதந்திரத்துக்கு விலை கொடுத்தது என்னவோ ஊர்க்காரங்கதான். படை சேந்தமங்கலத்தை நெருங்கியதும் ராஜராஜனை விடுவித்துத் தப்பித்தார் கோப்பெருஞ்சிங்கன்.

அடுத்து ஆண்டவர் பெயரும் கோப்பெருஞ்சிங்கன்தான். மகன் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1251-ல் பட்டமேறிய சடையவர்ம சுந்தர பாண்டியனுக்கு இவர் கப்பம் அனுப்பிப் பார்த்தார். பாண்டியன் ஏற்கவில்லை. சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டுப் பிடித்தார். பிறகு நாட்டைத் திருப்பியும் கொடுத்தார். வடக்கே போக நம்பகமான ஆள் அவருக்கும் தேவைப்பட்டிருக்கலாம்.

1262-ல் ஆந்திராவின் திராட்சாராமம் கோயில் கல்வெட்டில் கோப்பெருஞ்சிங்கன் பெயர் வருகிறது. கடைசிச் சோழர் மூன்றாம் ராஜேந்திரனின் ஆட்சி முடிந்தது 1279-ல். இவருடைய கல்வெட்டுகளும் கிட்டத்தட்ட அதுவரை கிடைக்கின்றன.