பொம்மைச் சிப்பாய்களின் தளபதி!

தேனியை அடுத்த வீரபாண்டியில் சித்திரை மாதம் கௌமாரியம்மன் திருவிழா நடக்கும். கம்பம், சின்னமனூர், போடி, உத்தமபாளையம் என்று சுற்று வட்டாரமே அங்கு திரண்டு வரும். அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வரும் பிள்ளைகள் நேரே போய் நிற்கும் இடம் பொம்மைக் கடை! துப்பாக்கி, பீரங்கி, பிளாஸ்டிக் சிப்பாய்... எதை வாங்கிக் கொடுத்தாலும் இன்னொன்று கேட்பார்கள்.

பிள்ளைகள் பொம்மைச் சிப்பாயோடு விளையாடுவதில் அதிசயம் இல்லை. ஆனால், உலகப் புகழ் பெற்ற ஓர் எழுத்தாளர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகும், வீட்டுத் தரையில் மண்டியிட்டு இந்தப் பொம்மைகளை வைத்துப் போர் நடத்தினார். அதற்கு விதிகள் வகுத்துப் புத்தகமும் போட்டார். இன்று பல நாடுகளில் மேஜை மீது நடத்தப்படும் போர் விளையாட்டு, அந்தப் புத்தகத்தில் இருந்து வளர்ந்ததுதான்.

அவர் பெயர் எச். ஜி. வெல்ஸ்.

முறிந்த கால்

வெல்ஸ் 1866-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி, இங்கிலாந்தில் பிராம்லி என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஜோசப் சிறிய பீங்கான் கடை வைத்திருந்தார். அதில் வருமானம் சொற்பம். ஆனால் கிரிக்கெட்டில் அவர் சூரர். 1862-ல் கெண்ட் அணிக்காகப் பந்து வீசி, அடுத்தடுத்த 4 பந்துகளில் 4 பேரை ஆட்டம் இழக்கச் செய்தவர்!

வெல்சுக்கு 7 வயதாக இருந்தபோது கால் எலும்பு முறிந்தது. பல வாரங்கள் படுத்த படுக்கை. பொழுது போக வேண்டுமே என்று தந்தை புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று பிடித்த புத்தகத்தைப் பிள்ளை பிறகு விடவே இல்லை.

1877-ல் தந்தையும் கீழே விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். கிரிக்கெட் வருமானம் நின்றது. தாய் சாரா ஒரு மாளிகையில் வேலைக்குப் போனார். மகன் ஜவுளிக்கடையில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டான். தினம் 13 மணி நேர வேலை.

பையனுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 17 மைல் நடந்தே சென்று, தாயின் முன் நின்றான். தன்னைப் படிக்க விடும்படி மன்றாடினான். கடைசியில் தாய் மனம் இரங்கினாள்.

1884-ல் லண்டன் விஞ்ஞானக் கல்லூரியில் உதவிச் சம்பளத்துடன் இடம் கிடைத்தது. புகழ் பெற்ற உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியிடம் பாடம் கேட்டார்.

1895-ம் ஆண்டு

1895-ம் ஆண்டைக் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் மறக்க மாட்டார்கள். ராணுவப் பொறியாளரான கர்னல் பென்னிகுயிக் கட்டிய பெரியாற்று அணை திறக்கப்பட்டது அந்த ஆண்டில்தான். மேற்கே ஓடி வீணாகக் கடலில் கலந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் பாய்ந்தது.

அதே ஆண்டில் லண்டனில் வெல்சின் முதல் நாவலான "கால யந்திரம்" வெளிவந்தது. ஒரே புத்தகத்தில் அவர் புகழ் பெற்றார். மாயமாக மறையும் மனிதனைப் பற்றி 1897-லும், செவ்வாய்க் கிரகத்தார் பூமி மீது படையெடுப்பதைப் பற்றி 1898-லும் எழுதினார். ஜவுளிக்கடைப் பையன் கடற்கரையில் சொந்த வீடு கட்டிக்கொண்டார். மனைவியும் இரண்டு ஆண் பிள்ளைகளுமாக வீடு கலகலப்பாயிற்று.

ஈயச் சிப்பாய்கள்

அந்தக் காலத்துப் பொம்மைச் சிப்பாய்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை அல்ல, ஈயத்தால் ஆனவை. 1893-ல் லண்டனைச் சேர்ந்த பிரிட்டன் கம்பெனி ஒரு புது முறையைக் கண்டுபிடித்தது. காய்ச்சிய ஈயத்தை அச்சில் ஊற்றுவார்கள். ஓரம் மட்டும் இறுகியதும், உள்ளே இருக்கும் ஈயத்தை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். உள்ளே கூடான பொம்மை கிடைக்கும். ஈயம் மிச்சம், விலையும் மலிவு. சுமார் 2 அங்குல உயரமுள்ள இந்தச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தன. கூடவே ஒரு பீரங்கி. வில்லை இழுத்துவிட்டால் சிறு மரத்துண்டு பறந்துபோய்ச் சிப்பாயைச் சாய்க்கும்!

ஒரு நாள் வெல்ஸ் வீட்டுக்கு விருந்துக்கு வந்த நண்பர் ஒருவர், சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பீரங்கியை எடுத்துக் குறி பார்த்துச் சுட்டார். ஒரு சிப்பாய் விழுந்தான். உடனே போட்டி மூண்டது! அந்த நண்பர் நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் என்று சொல்லப்படுகிறது.

வெறுமனே சுட்டுக்கொண்டிருந்தால் சலித்துவிடும் அல்லவா? வெல்ஸ் யோசித்தார். கலைக்களஞ்சியத் தொகுதிகளை அடுக்கினார், அவை மலையாயின. மரக்கட்டைகள் வீடாயின. சுள்ளிகள் காடாயின. தென்னாப்பிரிக்கப் போரில் இருந்து திரும்பியிருந்த ராணுவ கேப்டன் ஒருவரும் சேர்ந்துகொண்டார். விதிகள் மேலும் மேலும் திருத்தப்பட்டன.

காலாட்படை ஒரு முறைக்கு 1 அடி தூரம் நகரலாம். குதிரைப்படை 2 அடி நகரலாம். பீரங்கி சுட வேண்டுமானால் பக்கத்தில் 4 சிப்பாய்களாவது இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கடிகாரம் பார்த்து நேரக் கணக்கு உண்டு. நம் ஊர் ஆடு புலி ஆட்டத்தைப் போல இதிலும் தாயக்கட்டை கிடையாது. புத்தியும், குறி தவறாத கையும்தான் முதல்.

இந்த விதிகளை எல்லாம் தொகுத்து 1913-ல் "சின்னஞ்சிறு போர்கள்" என்ற புத்தகமாக வெளியிட்டார்.

விளையாட்டில் ஒரு பாடம்

அந்தப் புத்தகத்தின் கடைசியில்தான் விஷயம் இருக்கிறது. இந்த ஆட்டத்தை மூன்று நான்கு தடவை ஆடினாலே, உண்மைப் போர் எத்தனை மடத்தனமானது என்று எவருக்கும் புரிந்துவிடும் என்று வெல்ஸ் எழுதினார். தரையில் ஆடும்போதே தளபதி தவறு செய்கிறான். ஒரு படையை மறந்துபோகிறான். அவசரத்தில் தன் ஆட்களையே பலி கொடுக்கிறான். அங்கே விழுவது ஈயம். உண்மைப் போரில் விழுவது உயிர்!

போர் வெறி பிடித்த மன்னர்களையும் தலைவர்களையும் ஒரு பெரிய மண்டபத்தில் சேர்த்து, ஆசை தீரப் பொம்மைச் சிப்பாய்களைக் கொடுத்துவிட்டால் ஊர் உலகம் நிம்மதியாக இருக்கும் என்று வேடிக்கையாக யோசனையும் சொன்னார்.

யாரும் கேட்கவில்லை. மறு ஆண்டே, 1914-ல், முதல் உலகப் போர் மூண்டது.

செப்டம்பர் 22-ந் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னை மீதே குண்டு வீசியது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. கெட்டிக்காரனை எம்டன் என்று சொல்லும் வழக்கம் தமிழில் ஏற்பட்டது அதனால்தான். இந்தியாவில் இருந்து 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் கடந்து போனார்கள். அவர்களில் சுமார் 74 ஆயிரம் பேர் திரும்பவில்லை.

போரைப் பழித்த வெல்ஸ் அப்போது என்ன செய்தார்? போரை ஆதரித்தார்! ஜெர்மனியின் ராணுவ வெறியை ஒடித்துவிட்டால், இனிமேல் போரே வராது என்று நம்பினார். அப்படியே எழுதினார். போர்க்களத்தை நேரில் போய்ப் பார்த்தார். 1918-ல் அரசாங்கத்தின் பிரசார வேலையிலும் சேர்ந்தார்.

அந்த நம்பிக்கை பொய்த்தது. எல்லாப் போருக்கும் முடிவு கட்டப்போவதாகச் சொன்ன அந்தப் போர், அடுத்த போருக்கு விதை போட்டது. தரையில் கண்ட பாடத்தை அவரே சில காலம் மறந்திருந்தார்.

பலித்த கற்பனை

1914-ன் தொடக்கத்தில் வெளிவந்த ஒரு நாவலில், அணுகுண்டு என்ற ஆயுதத்தை வெல்ஸ் கற்பனை செய்திருந்தார். விஞ்ஞானி லியோ சிலார்ட் 1932-ல் அதைப் படித்தார். அணுவைத் தொடர்ச்சியாக உடைத்துச் சக்தி பெறும் வழி மறு ஆண்டே அவருக்குத் தோன்றியது.

அடுத்த பேரழிவு வருவதை வெல்சும் உணர்ந்தார். நாடுகள் சண்டையை விட்டு ஒன்றுபட வேண்டும் என்று ஓயாமல் எழுதினார். 1933-ல் நாஜிகள் அவருடைய புத்தகங்களைத் தீயில் போட்டார்கள். 1940-ல் லண்டன் மீது குண்டு மழை பொழிந்தபோது, அந்த முதியவர் ஊரை விட்டுப் போகவில்லை. மனிதனாகப் பிறந்த ஒவ்வொருவனுக்கும் உள்ள உரிமைகள் எவை என்று அந்த ஆண்டில் ஒரு புத்தகம் எழுதினார். 1948-ல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்துக்கு முன்னோடியாக அமைந்தவற்றுள் அதுவும் ஒன்று.

அந்தப் பிரகடனத்தைப் பார்க்க அவர் இல்லை. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா எரிந்தது. கற்பனையாக எழுதியது கண் முன்னே நடந்ததைப் பார்த்துவிட்டு, 1946 ஆகஸ்ட் 13-ந் தேதி, 79-வது வயதில் வெல்ஸ் காலமானார்.

விளையாட்டு வாழ்கிறது

ஈயச் சிப்பாய்களின் காலமும் முடிந்தது. 1959-ல் ஏர்பிக்ஸ் என்ற கம்பெனி, 1 அங்குலம்கூட உயரம் இல்லாத பிளாஸ்டிக் சிப்பாய்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு சின்னப் பெட்டிக்குள் ஒரு படையே அடங்கியது! பின்னாளில் தலை, கை, துப்பாக்கி எல்லாம் தனித்தனியாக வந்தன. ஒவ்வொன்றையும் சட்டத்தில் இருந்து வெட்டி எடுத்து, பிசிறு சீவி, பசை வைத்து ஒட்டி, வர்ணம் தீட்ட வேண்டும். ஒரு படையை உருவாக்கப் பல மாதங்கள் ஆகும்.

அத்தனை மெனக்கெட்டு ஒட்டிய சிப்பாய்களில் ஒருவன் உடைந்தால்கூட மனம் பதைக்கும். வெல்ஸ் சொன்ன பாடமும் அதுதான். பொம்மையை ஒட்ட வைக்கப் பசை உண்டு. போரில் விழுந்த பிள்ளையை ஒட்ட வைக்க எந்தப் பசையும் இல்லை.