அருளும் உரிமையும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்வு

ஸ்ரீபெரும்புதூர் உடையவர் இராமானுசர் தோன்றிய ஊர். மறைத்துக் காக்கப்பட்ட மந்திரப் பொருளைத் திருக்கோட்டியூரில் எல்லார்க்கும் பொதுவாக்கியவர் என்று வைணவ மரபு அவரைப் போற்றும். சிலர்க்கே உரியது என்று காக்கப்பட்டதைப் பலர்க்கும் உரியதாக்கும் அப்பணியைச் சென்ற நூற்றாண்டில் கல்வியிலும் மருத்துவத்திலும் செய்து காட்டியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். மருத்துவக் கல்லூரியில் ஓர் இடம் கிடைக்குமா என்று ஆண்டுதோறும் எத்தனையோ இல்லங்கள் ஏங்கி நிற்கும் இந்நாளில், அவருக்கு அவ்விடம் கிடைத்த வரலாறு எண்ணிப் பார்க்கத்தக்கது.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், இசையும் ஆடலும் வளர்த்த தேவதாசி மரபில் வந்தவர். இம்மணத்தின் பொருட்டுத் தந்தையாரை அவருடைய சுற்றத்தார் ஒதுக்கி வைத்தனர். மகளுக்கோ, அறிவுச் செல்வம் ஒரு பக்கத்திலிருந்தும், உலகோர் சுமத்திய பழி மறு பக்கத்திலிருந்தும் பிறப்பிலேயே வந்து சேர்ந்தன.

அவர் பிறந்த அதே 1886 இல்தான் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். காதம்பினி கங்குலி கல்கத்தாவில் மருத்துவரானார். இந்தியப் பெண் மருத்துவராகலாம் என்பது அவ்வாண்டில் மெய்ப்பிக்கப்பட்டது. ஆயினும் புதுக்கோட்டையில் வளர்ந்த ஒரு சிறுமிக்கு அச்செய்தியால் ஆகக்கூடியது சிறிதே. பருவம் எய்தியதும் அக்கால வழக்கப்படி பள்ளி நின்றது. தாயார் மகளின் திருமணத்தை எண்ணிக் கவலையுற்றார். தந்தையாரோ வீட்டையே பள்ளியாக்கினார். முத்துலட்சுமி தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேறினார்.

முதல் வாயில்

அடுத்த படி கல்லூரி. ஊரிலிருந்த மகாராஜா கல்லூரியோ ஆடவர் கல்லூரி. முத்துலட்சுமியின் விண்ணப்பம் வந்தபோது கல்லூரியின் அன்றைய முதல்வர் அதை வரவேற்கவில்லை. மாணவர்களின் பெற்றோரும் எதிர்த்தனர். அவர் பெண் என்பது ஒரு தடை. தாயாரின் குலம் மற்றொரு தடை. தேர்ச்சியைப் பற்றிய ஐயம் எவருக்கும் இல்லை. மதிப்பெண்ணால் மறுக்க இயலாத ஒருவரைப் பிறப்பால் மறுக்க முனைந்தது ஊர்.

அவ்வேளையில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டார். எதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடம் அளித்ததோடு உதவித்தொகையும் வழங்கினார். அக்கல்லூரியின் முதல் மாணவியாக முத்துலட்சுமி 1904 இல் நுழைந்தார். மூடிய வண்டியில் சென்று, திரைக்குப் பின் அமர்ந்து பாடம் கேட்டார். வாயில் திறந்தது உண்மை. ஆனால் அது மன்னர் ஒருவரின் மனம் இரங்கியதால் திறந்தது. அரியணையில் வேறொருவர் இருந்திருந்தால் இவ்வரலாறு அங்கேயே முடிந்திருக்கக்கூடும்.

இரண்டாம் வாயில்

1907 இல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பயின்ற முதல் பெண் அவரே என்று சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. 1869 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலப் புகுந்த சோபியா ஜெக்ஸ்-பிளேக்குக்கும் அவர் தோழியர்க்கும் பட்டம் மறுக்கப்பட்ட பின், 1875 இல் சென்னைக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. சென்னையில் வாழ்ந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாதும் அவருடன் மூவரும் அன்று நுழைந்தனர். மருத்துவத் துறைத் தலைவர் எட்வர்டு பால்ஃபர் அதற்குத் துணை நின்றார். பின்னாளில் ஆங்கில நாவலாசிரியராகப் புகழ்பெற்ற கிருபாபாய் சத்தியநாதனும் 1878 இல் அங்கே சேர்ந்து, உடல்நலம் குன்றியதால் படிப்பை விட நேர்ந்தது.

இவ்விடத்தில் ஓர் உண்மை தெளிவாகும். புகுவதற்கு அரிதென்று கருதப்பட்ட மருத்துவக் கல்லூரியின் கதவு, முத்துலட்சுமி பிறப்பதற்குப் பதினோராண்டு முன்பே விதியால் திறந்திருந்தது. அடைபட்டிருந்தது அதற்கு முந்தைய கதவு. ஊரில் ஒரு கல்லூரி, அதில் ஓர் இடம், அவ்விடம்வரை சென்று சேரும் வழி ஆகியவை இல்லாதவளுக்கு இறுதிக் கதவு திறந்திருந்தும் பயனில்லை.

சென்னையில் அவர் பதக்கங்களும் பரிசுகளும் பெற்று 1912 இல் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார். 1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மை நிகராக மதித்தல் வேண்டும் என்பதே அவர் வைத்த நிபந்தனை.

சட்டசபையில்

தமக்குக் கிடைத்த இடத்தோடு அவர் நிறைவு கொள்ளவில்லை. 1926 இறுதியில் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பெற்று, அதன் முதல் பெண் உறுப்பினரானார். துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பெண்கல்விக்குச் சலுகைகளையும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனையையும் அங்கே வலியுறுத்தினார். இந்தியக் கல்விநிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் இடம்பெற்றார்.

பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் முனைந்தபோது அக்குலப் பெண்களிலேயே ஒரு சாரார் எதிர்த்து நின்றனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் ஒருவர். கலையும் சொத்தும் கல்வியும் தம் மரபின் உரிமைகள் என்பது அவர்தம் வழக்கு. அதை எளிதில் தள்ளிவிட இயலாது; வீட்டுப் பெண்டிர்க்கு எழுத்தறிவு மறுக்கப்பட்ட காலத்தில் கவி பாடிய பெண்கள் பலர் அம்மரபினர். 1929 இல் வந்த சட்டத் திருத்தம், கோயில் ஊழியம் செய்யும் கட்டாயத்திலிருந்து அவர்களுடைய இனாம் நிலங்களை விடுவித்தது. பொட்டுக்கட்டுதலை முற்றிலும் தடுக்கும் சட்டம் 1947 இல் நிறைவேறியது. இடைப்பட்ட காலத்தில், 1930 இல், காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து அம்மையார் சட்டசபைப் பதவியைத் துறந்திருந்தார்.

ஔவை இல்லம்

சட்டம் ஒரு வழக்கத்தைத் தடுக்கலாம். அதிலிருந்து வெளிவரும் பெண் எங்கே தங்குவாள்? தேவதாசிக் குலத்து இளம்பெண்கள் சிலர் அடைக்கலம் தேடி அம்மையாரின் வீட்டுக்கு வந்தனர். சென்னையின் மாணவியர் விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. தம் இளமையில் கல்லூரி வாயிலில் கேட்ட அதே மறுப்பு இப்போது விடுதி வாயிலில் ஒலித்தது. அம்மையார் தம் இல்லத்திலேயே அவர்களுக்கு இடம் அளித்தார். 1930 இல் அது ஔவை இல்லமாயிற்று. பின்னர் அடையாற்றில் வேரூன்றியது. நாடெங்கும் நடந்து பாடிய தமிழ்ப் பெண்பாற் புலவரின் பெயரை, போக்கிடமில்லாப் பெண்களின் புகலிடத்துக்கு அவர் சூட்டியது பொருத்தமே.

1923 இல் தங்கை சுந்தரம்மாள் புற்றுநோயால் மறைந்த துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. 1925 இல் இலண்டன் சென்று மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்றார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952 இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 இல் அது பன்னிரண்டு படுக்கைகளுடன் பணி தொடங்கியது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். 1956 இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார் 1968 ஜூலை 22 அன்று மறைந்தார்.

எஞ்சி நிற்கும் கடன்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம்வரை இன்று ஆலைகள் நிறைந்துள்ளன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து பணிபுரியும் பெண்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பெண் தனித்துத் தங்கிப் பொருளீட்ட முடியும் என்ற நிலை ஔவை இல்லக் காலத்தில் கனவு. இன்று அது நனவு. ஆயினும் பள்ளிப் படிப்பை முடித்து ஆலை வாயிலில் நுழையும் அப்பெண்களுள், மருத்துவராகும் எண்ணத்தை மனத்துள் மடித்து வைத்தவர்களும் இருக்கக்கூடும். அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டைத் தமிழக அரசு 2020 இல் சட்டத்தால் ஒதுக்கியது. அன்று மன்னர் அருளால் ஒருத்திக்குத் திறந்ததைச் சட்டத்தால் பலர்க்குத் திறக்கும் முயற்சி அது. ஆனால் நுழைவுத் தேர்வுக்கு முந்தைய கதவுகளான நல்ல பள்ளி, பயிற்சி, அதற்குரிய பொருள் ஆகியவை எல்லார்க்கும் திறந்துவிடவில்லை.

அருளால் கிடைத்த இடம் பெற்றவரோடு முடிந்துவிடும். உரிமையாக்கப்பட்ட இடமே வழிவழியாக நிற்கும். அருளால் நுழைந்த முத்துலட்சுமி அம்மையார், தமக்குப் பின் வருவோர் எவருடைய அருளுக்கும் காத்திராதபடி செய்யவே தம் வாழ்நாளைச் செலவிட்டார். அப்பணி அவரோடு முடியவில்லை.